நாவல் எழுதுகிறவர்களுக்குத் திருப்பூரிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள எழுத்தாளர்களுக்கு,

வணக்கம். பெண்களின் வாழ்க்கையைத் தமிழில் நாவலாக எழுதிவரும் எல்லோருக்கும், இப்போதுதான் முதல் நாவலுக்கு உட்கார்ந்திருக்கும் இளையவர்களுக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். எழுதுகிறவர் ஆணா பெண்ணா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. என்னை உலுக்கிய நாவல்களை இரண்டு பேருமே எழுதியிருக்கிறார்கள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். தைத்து வரும் துணியை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, தையல் விட்டிருந்தாலோ ஓட்டை, எண்ணெய்க் கறை இருந்தாலோ ஸ்டிக்கர் ஒட்டித் தனியே போடுகிற வேலை. நாள் முழுக்கக் கண்ணுக்கு ஓய்வு கிடையாது. ஆனாலும் ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு நாலு பக்கமாவது படிக்காமல் எனக்குத் தூக்கம் பிடிக்காது. புத்தகத் திருவிழாவில் வாங்கியது, நூலகத்தில் எடுத்தது, கூட வேலை பார்க்கும் அக்காவின் மகள் கல்லூரியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது என்று கைக்கு வந்ததையெல்லாம் படித்திருக்கிறேன். பெண்களைப் பற்றிய நாவல் என்றால் மற்றதை ஒதுக்கிவிட்டு அதைத்தான் முதலில் எடுப்பேன்.

அப்படிப் படித்துப் படித்து மனதில் சேர்ந்துபோன வேண்டுகோள் ஒன்று இருக்கிறது. நாங்கள் வேலை செய்கிற இடத்துக்கு நாவலைக் கொண்டுவாருங்கள். எங்கள் சம்பளமும் கடனும், பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவளும் கதைக்குள் வரட்டும். கடைசிப் பக்கத்தில் அவள் உயிரோடு இருக்கட்டும்.

உங்களிடம் குறை சொல்ல மட்டும் உட்காரவில்லை. நீங்களும் உங்களுக்கு முன்னால் எழுதியவர்களும் எனக்குக் கொடுத்தது நிறைய. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இல் வந்தது. அதில் லிஸி வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றுபோகிறது. நேற்றுவரை ஓடித் திரிந்த பெண் வீட்டுக்குள் அடைபடுகிறாள். பனையேறி வீட்டுப் பையன் தங்கராஜ் மேல் அவளுக்கு வரும் அன்பு, வீட்டுப் பெருமை பேசும் பெரியவர்களுக்கு நடுவில் மூச்சுத் திணறுகிறது. நாற்பது வருடம் கழித்து, 2004இல், சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வருகிறது. மாவட்டம் வேறு, மதம் வேறு, பேச்சு வேறு. அங்கேயும் வயதுக்கு வந்த பெண்ணுக்கு வாசல் மூடுகிறது. சல்மாவுக்கே துவரங்குறிச்சியில் அப்படித்தான் படிப்பு நிறுத்தப்பட்டது என்பதும், பிற்பாடு அதே ஊருக்கு அவர் பேரூராட்சித் தலைவரானார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அந்த நாவலில் பெண்கள் ஒன்றுகூடி உட்கார்ந்து ஒளிவுமறைவில்லாமல் பேசிக்கொள்வதைப் படித்தபோது, இதையெல்லாம் அச்சில் போடலாமா என்று எனக்கு முதலில் பயமாக இருந்தது. அப்புறம் ஒரு நிம்மதி வந்தது. நாங்கள் சாப்பாட்டு நேரத்தில் குரலைத் தாழ்த்திப் பேசுவதை ஒருத்தர் குரலைத் தாழ்த்தாமல் எழுதியிருக்கிறாரே என்கிற நிம்மதி.

ஆனால் லிஸியிடமிருந்தும், சல்மாவின் நாவலில் வரும் ராபியாவிடமிருந்தும் என் கதை ஓர் இடத்தில் பிரிகிறது. பத்தாம் வகுப்போடு என் படிப்பும் நின்றது. என்னை வீட்டில் உட்காரவைக்க எங்கள் வீட்டில் வசதி இல்லை. அடுத்த திங்கட்கிழமை என்னைக் கைமடியாகச் சேர்த்துவிட்டார்கள். டெய்லர் பக்கத்தில் நின்று, அவர் தைக்கத் தைக்கத் துணியை எடுத்து மடித்துக் கொடுக்கிற வேலைக்குப் பெயர் கைமடி. எனக்குக் கிடைத்தது ஜன்னல் இல்லை, பவர் டேபிள் என்கிற தையல் மிஷின். என்னைக் கண்காணித்தது பாட்டியோ பெரியப்பாவோ இல்லை, லைன் சூப்பர்வைசர். வெளியே போகாதே என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வெளியே போய் உழைத்து, சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடு என்றார்கள். என் வயதில் இந்த ஊருக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர் கதை இதுதான். தேனி, திண்டுக்கல், மதுரை, தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்தவர்கள். படிப்பு நின்றதும் பெண்ணுக்கு என்ன ஆகிறது என்ற கேள்விக்குத் தமிழ் நாவல் ஒரு பதிலை மிக அழகாக எழுதியிருக்கிறது. இன்னொரு பதில் தினமும் காலை எட்டரை மணிக்குக் கார்டு பஞ்ச் பண்ணிவிட்டு உள்ளே போகிறது.

வேலையை எழுதினால் நாவல் வறண்டுபோகும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எனக்கு அனுபவம் நேர்மாறாக இருக்கிறது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. ஆரோக்கியம் என்ற வண்ணாத்தி, அதுவும் தலித் மக்களுக்கே துணி வெளுக்கிற புதிரை வண்ணார் சாதிப் பெண். துணி வெளுப்பது மட்டும் அவள் வேலை இல்லை. பிரசவம் பார்க்கிறாள், சாவு வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்கிறாள், ராத்திரி வீடு வீடாகப் போய்ச் சோறு எடுத்து வருகிறாள். களத்தில் தானியத்துக்குக் கையேந்தி நின்று, அது குறைந்துபோனால் கேட்கிறாள், புலம்புகிறாள், மன்றாடுகிறாள். அந்த நாவலில் அழுகைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த அழுகைக்குக் கணக்கு இருக்கிறது. எத்தனை வீட்டுத் துணி, எத்தனை மரக்கால் தானியம், அது வருடத்துக்கு வருடம் எப்படிக் குறைகிறது என்று தெரிவதால்தான் அவள் அழும்போது எனக்கு நெஞ்சை அடைக்கிறது. பாவம் என்று மட்டும் எழுதியிருந்தால் நான் உச்சுக் கொட்டிவிட்டு மூடி வைத்திருப்பேன்.

சு. தமிழ்ச்செல்வியின் 'அளம்' இன்னொன்று. வேதாரண்யம் பக்கத்து உப்பளம். புருஷன் கப்பலேறிப் போய்விட, சுந்தராம்பாள் மூன்று பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறாள். பஞ்சம் வருகிறது, புயல் வருகிறது, பெரிய பெண்ணின் வாழ்க்கை சரிகிறது. அந்த வீட்டில் யாரும் உட்கார்ந்து தத்துவம் பேசுவதில்லை. அடுத்த வேளைக்கு எங்கே போய் எந்தக் கிழங்கைத் தோண்டலாம், எந்தக் கீரையைப் பறிக்கலாம் என்றுதான் பேச்சு.

இந்தக் கதையை நான் கம்பெனியில் சொன்னேன். எங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு மாடிப்படிக்குக் கீழே ஓர் இடம் உண்டு. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, தலைமுடியிலும் புருவத்திலும் ஒட்டியிருக்கிற பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டு, நான் படித்த நாவலை மற்றவர்களுக்குச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அன்றைக்குப் பேக்கிங்கில் இருக்கும் ஒரு பெண், நாகப்பட்டினம் பக்கத்துக்காரர், சோற்றில் வைத்த கையை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். "எங்கம்மா அளத்துலதாங்க்கா வேலை பாத்துச்சு" என்றார். "உப்புல நின்னு நின்னு காலு மரக்கட்டையாட்டம் ஆயிரும். செத்தா எல்லாம் வெந்துரும், அந்தப் பாதம் மட்டும் வேவாதும்பாங்க." அதற்கு மேல் அவர் பேசவில்லை. மறுநாள் வந்து, "அந்தப் பெரிய பொண்ணு என்னக்கா ஆச்சு, மிச்சத்தச் சொல்லு" என்று கேட்டார். தன் அம்மாவின் கால் ஒரு புத்தகத்தில் ஏறியிருக்கிறது என்பதை அவர் நம்பமுடியாமல் நம்பினார். அந்த வாரம் முழுக்க அவரேதான் எனக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தார்.

அதே தமிழ்ச்செல்வியின் 'கற்றாழை'யில் மணிமேகலை எங்கள் ஊருக்கே வருகிறாள். புருஷன் வீட்டில் பட்டது போதும் என்று கிளம்பி வந்து பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்கிறாள். அந்தப் பக்கங்களை நான் படித்த வேகம் எனக்கே தெரியும். ஒரு நாவலுக்குள் நம்முடைய தெரு வருவது பெரிய சந்தோஷம். இன்னும் கொஞ்சம் இந்தத் தெருவிலேயே இருக்கக் கூடாதா, இன்னும் நாலு அத்தியாயம் இந்த மிஷின் சத்தத்துக்குள்ளேயே போகக் கூடாதா என்று மனது அடித்துக்கொண்டது.

இப்போது சாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்.

இமையத்தின் 'செல்லாத பணம்' 2020க்கான சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல். இஞ்சினியரிங் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைக் கட்டிக்கொள்கிறாள். அப்பா தலைமையாசிரியர். பிறகு ஒரு நாள் தீ. நாவலின் பெரும்பகுதி ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவிலேயே நடக்கிறது. அவள் உள்ளே கிடக்கிறாள். வெளியே அப்பா, அம்மா, அண்ணன், புருஷன் என்று எல்லோரும் பேசுகிறார்கள், அழுகிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் பழி போடுகிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவை இப்படித் தத்ரூபமாக எழுதிய நாவலை நான் படித்ததில்லை. படித்து முடித்து இரண்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

அதையும் மாடிப்படிக்குக் கீழே சொன்னேன். சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஓவர்லாக் மிஷினில் இருக்கும் அக்கா கேட்டார்: "ஏனுங்கண்ணு, அந்தப் புள்ள இஞ்சினியரிங் படிச்சுதுன்னு சொன்னியே. நம்மள மாதிரி ஒரு வேலைக்குப் போயிருந்தா பொழச்சிருக்குமில்ல?" இன்னொருத்தி உடனே, "வேலைக்குப் போறவங்க மட்டும் கொளுத்திக்கலையாக்கா?" என்றாள். அதிலிருந்து பேச்சு எங்கெங்கோ போனது. அவரவர் வீதியில் நடந்தது, அவரவர் வீட்டில் நடக்க இருந்து நடக்காமல் போனது என்று வந்துகொண்டே இருந்தது. மண்ணெண்ணெய் கேனைக் கையில் எடுத்துவிட்டு, குழந்தை முழித்து அழுததால் கீழே வைத்தவர் ஒருவர் எங்களுக்குள் இருக்கிறார். அவர் அன்றுதான் அதை முதல் தடவையாகச் சொன்னார். மறுநாள் காலையில் வழக்கம்போல வேலைக்கு வந்ததாகவும், அன்றைக்கு ஒரு பீஸ்கூடத் தப்பாகத் தைக்கவில்லை என்றும் சொன்னார்.

எனக்கு அந்த அக்காவின் நாவல் வேண்டும்.

ரேவதி செத்தது பொய் என்று நான் சொல்லவில்லை. சல்மாவின் நாவலில் ஃபிர்தவ்ஸுக்குப் பெற்ற தாயே விஷம் கொடுப்பதும் பொய்யில்லை. இப்படிச் சாகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களை எழுதாமல் விட்டால் அது பெரிய அநியாயம். ஆனால் செத்தவளுக்குப் பக்கத்திலேயே சாகாதவள் இருக்கிறாள். அடி வாங்கிய வீக்கத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு வந்து மிஷினில் உட்கார்ந்தவள். புருஷனை விட்டு வந்து, தனியாக வீடு எடுத்து, பிள்ளையைப் பாலிடெக்னிக் வரை படிக்கவைத்தவள். அவள் எப்படிப் பிழைத்தாள்? யார் அவளுக்கு முதலில் ஐந்நூறு ரூபாய் கடன் கொடுத்தது? முதல் மாத வாடகையை எப்படிக் கட்டினாள்? தனியாக இருக்கும் பெண் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் என்ன கேட்டார்? இந்த ஊரில் வாடகைக்கு வீடு கேட்டால் முதல் கேள்வி எந்த ஊர் என்பது, இரண்டாவது கேள்வி என்ன ஆளுங்க என்பது. இதற்கெல்லாம் அவள் சொன்ன பதில்கள், மறைத்த பதில்கள், சொன்ன பொய்கள் எல்லாம் கதைதானே? சாவில் ஒரு முடிவு கிடைத்துவிடுகிறது. பிழைப்பதில் தினமும் ஒரு திருப்பம் இருக்கிறது. நாவல் எழுதுகிறவர்களுக்கு எது பெரிய சுரங்கம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இப்படிப் பிழைத்தவர்களை எழுதிய நாவல்களும் இருக்கின்றன; அதை மறைக்க மாட்டேன். சிவகாமியின் 'ஆனந்தாயி' நாவலில் ஆனந்தாயி, புருஷன் இன்னொருத்தியைக் கொண்டுவந்து வீட்டில் வைத்த பிறகும் நிற்கிறாள். பாமாவின் 'சங்கதி'யில் பெண்கள் சாகிறவர்களும் சாமி வந்து ஆடுகிறவர்களுமாக மட்டும் இல்லை. நடுத்தெருவில் நின்று புருஷனுக்குப் பதிலுக்குப் பதில் வசவு கொடுக்கிறார்கள், பாட்டுக் கட்டுகிறார்கள், வேலை முடிந்து திரும்பும்போது சிரிக்கிறார்கள். செய்யாத தப்புக்கு மரியம்மா ஊர்க்கூட்டத்தில் அபராதம் சுமக்கிற பக்கத்துக்கும் அந்தச் சிரிப்புக்கும் நடுவில் தூரம் அதிகமில்லை. எங்கள் லைனிலும் அப்படித்தான். அழுத கண்ணைத் துடைத்த கையோடு யாராவது ஒருத்தி எதையாவது சொல்ல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். நீங்கள் எழுதும் பெண்கள் இன்னும் கொஞ்சம் சிரிக்கலாம்.

கிழக்கிலங்கையிலிருந்து வந்த 'உம்மத்' நாவலையும் இங்கே சொல்ல வேண்டும். ஸர்மிளா ஸெய்யித் எழுதியது. போர் முடிந்த பிறகு, போராளிகளாக இருந்து வீடு திரும்பிய யோகா, தெய்வானை, அவர்களுக்குத் துணை நிற்கும் தவக்குல். பேசுகிற தமிழ் ஒன்றாக இருந்தும் இரண்டு சமூகத்துக்கும் நடுவில் ரத்தம் ஓடிய மண்ணில், ஒரு முஸ்லிம் பெண்ணும் இரண்டு தமிழ்ப் பெண்களும் ஒருவரையொருவர் தாங்குவது எனக்குப் புதிதாக இருந்தது. பெண்ணுக்கும் ஆணுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்றுதான் நாவல்கள் கூடுதலாகக் கேட்கின்றன. பெண்ணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்டால் வேறு உலகம் திறக்கிறது.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' பற்றி ஒன்றே ஒன்று. எங்கள் கொங்குப் பக்கத்துக் கதை. குழந்தை இல்லை என்பதற்காகப் பொன்னா கேட்கும் பேச்சுகளை நான் இந்த ஊரில் என் காதால் கேட்டிருக்கிறேன். சீமந்த வீட்டில் ஒதுக்கப்பட்டு ஓரமாக உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 2010இல் வந்த நாவலுக்கு 2014 கடைசியில் எதிர்ப்பு கிளம்பி, எழுதுவதையே நிறுத்துகிறேன் என்று அவர் அறிவிக்கும் அளவுக்குப் போய், 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் எழுதலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தச் சண்டை நடந்த மாதங்களில் ஊர் மானம், சாதி மானம், கோயில் மானம் என்று நாள்தோறும் பேசினார்கள். பொன்னாவுக்கு என்ன வலித்தது என்று யாரும் பேசி நான் கேட்கவில்லை. எழுதுகிறவர்களுக்கு இருக்கும் பயம் எனக்கும் புரிகிறது. அந்தப் பயத்தோடும் எழுதியவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

எதை எழுதலாம் என்று ஒரு வாசகி உங்களுக்குச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாகப் படலாம். என் கண் முன்னால் கிடப்பதைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்வது உங்கள் விருப்பம்.

இந்தியா முழுவதிலும் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். பனியன், நூல்மில், தோல், செருப்பு, பட்டாசு, இப்போது செல்போன். இத்தனை பெண்கள் உள்ளே போய் வெளியே வருகிற கேட்டுக்கு முன்னால் எத்தனை தமிழ் நாவல்கள் நின்று பார்த்திருக்கின்றன? 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் தொழிற்சாலைப் பெண்கள், விடுதிச் சாப்பாடு கெட்டுப் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். வீட்டில் அப்பாவுக்கு முன்னால் நாற்காலியில் உட்காராதவர்கள் அதில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண்கள் போனஸ் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்டே சேர்க்காமல், 'பெம்பிளை ஒருமை' என்று தாங்களே அணி திரண்டு ரோட்டை அடைத்தார்கள். போனஸையும் வாங்கினார்கள். அந்த ராத்திரிகளில் அவர்கள் என்ன பேசியிருப்பார்கள், யார் வீட்டில் யார் சோறு பொங்கினார்கள், எவள் முதலில் பயந்தாள், எவள் அவள் கையைப் பிடித்தாள் என்று பத்திரிகையில் வராது. நாவலில்தான் வரும்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் ஊர்ச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டது. எங்கள் லைனில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது. அந்த அரை ஷிப்ட் காசில்தான் பலருடைய குழு லோன் ஓடிக்கொண்டிருந்தது. குழு லோன் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பத்துப் பெண்கள் சேர்ந்து வாங்குகிற கடன்; ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு யாராவது ஒருவர் வீட்டு வாசலில் பாய் விரிப்பார்கள். வசூலுக்கு வருகிற பையன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவான். முழுப் பணமும் சேருகிறவரை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. கம்பெனி வேனுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும். பணம் கொண்டுவராதவள் தலை குனிந்திருப்பாள். அவளுக்காக இருநூறு போட்டவளே வேனில் அவளைத் திட்டித் தீர்ப்பாள், மத்தியானம் அவளுக்கே தன் பாக்ஸிலிருந்து முட்டையை எடுத்து வைப்பாள். அந்தப் பாயில் நடக்கிற அரை மணி நேரத்தை ஒருவர் ஒழுங்காக எழுதினால் போதும்.

செக்கிங் மேசையில் எனக்கு அடுத்த இடத்தில் ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். வந்த புதிதில் அவளுக்குத் தெரிந்த தமிழ், எண்களும் "டேமேஜ்", "அக்கா" என்ற இரண்டு வார்த்தையும்தான். இன்றைக்குச் சூப்பர்வைசரிடம் கொங்குத் தமிழில் எதிர்த்துப் பேசுகிறாள். சாயங்காலம் அவள் அம்மா வீடியோ காலில் வந்தால் போனை என் பக்கம் திருப்புவாள். அந்த அம்மா அவர் பாஷையில் ஏதோ சொல்வார், நான் என் பாஷையில் ஏதோ சொல்வேன். மகளைப் பார்த்துக்கொள் என்கிறார் என்று எனக்குப் புரியும். சொந்த ஊரை விட்டு வேறு ஊருக்குப் பிழைக்கப் போன தமிழ்ப் பெண்களை எழுதியிருக்கிறீர்கள். எங்களை நம்பி வந்திருக்கும் இவளையும் எழுதுங்கள்.

இன்னொன்று வயது. உங்கள் நாவல்களில் பெண் வயதுக்கு வருவாள், கல்யாணமாவாள், பிள்ளை பெறுவாள் அல்லது பெறாமல் தவிப்பாள். நாற்பத்தைந்துக்குப் பிறகு அவள் யாருக்காவது அம்மாவாகவோ மாமியாராகவோ ஓரத்துக்குப் போய்விடுகிறாள். மாதவிலக்கு நிற்கிற காலத்தில் உடம்பு கொதித்து வேர்க்க, பஞ்சு பறக்கிற ஹாலில் ஃபேனுக்கு நேரே இடம் கேட்டுச் சண்டை போடுகிற பெண்ணை நாவலில் தேடுகிறேன். கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, மூன்று மாதம் கனமான எதையும் தூக்காதே என்று டாக்டர் சொன்னதை மறைத்து, அடுத்த மாதமே வேலைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். எல்லாக் கடமையும் முடிந்து, டவுன் பஸ்ஸில் பெண்கள் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை என்று ஆன பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாகத் தனியாகக் கிளம்பிப் பழனி போய் வந்த அக்கா ஒருவர் இருக்கிறார். திரும்பி வந்து அவர் சொன்னது சாமியைப் பற்றி இல்லை. ஜன்னல் சீட்டில் யாருக்கும் இடம் விடாமல் உட்கார்ந்து வந்ததைப் பற்றி.

வேலையை எழுத அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ராஜம் கிருஷ்ணன் பதினைந்து வயதில் கல்யாணமாகி, கல்லூரி வாசல் மிதிக்காதவர். தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் போய், அந்தப் பெண்களோடு பேசி 'கரிப்பு மணிகள்' எழுதினார். பொன்னாச்சியின் உழைப்பும் கங்காணியின் அதிகாரமும் கூலிக் கணக்கும் அதில் அப்படியே இருக்கின்றன. போனார், பார்த்தார், கேட்டார், எழுதினார். அந்தப் பாதையில் இன்றைக்கு ஆள் குறைவாக இருக்கிறது. உங்களில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் எழுதுகிறீர்கள் என்பது தெரியும். பெண்களாக இருந்தால் அந்த மிச்ச நேரமும் எப்படிப்பட்டது என்பது எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால்தான் எங்கள் பக்கத்திலிருந்து நாங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

வாருங்கள். கம்பெனிக்குள் விடமாட்டார்கள், அதற்காகத் திரும்பிப் போக வேண்டாம். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வேன்கள் வந்து நிற்கும் சந்துகளில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கப்பலுக்குச் சரக்கு ஏற்றுகிற வாரத்தில் வந்தால் எங்களால் நின்று பேச முடியாது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு மளிகைக் கடைக்கும் சீட்டுக்காரரிடமும் ஓடுவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைக்கவும் தண்ணீர் பிடிக்கவும் சரியாக இருக்கும். மூன்று மணிக்கு மேல் வாருங்கள். வீட்டு ஆண்களை வைத்துக்கொண்டு எங்களிடம் எதுவும் கேட்காதீர்கள். பக்கத்துப் பிள்ளையார் கோயில் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். போனில் ரெக்கார்டு பண்ணுவதானால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பெயரை மாற்றி எழுதுங்கள். வேலையை மாற்றாமல் எழுதுங்கள்.

மேலே சொன்ன ஓவர்லாக் அக்காவிடம் இந்த மடலைப் படித்துக் காட்டினேன். எழுதுகிறவர் யார் வந்தாலும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். மண்ணெண்ணெய் கேனைக் கீழே வைத்தவரிடமும் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அவரை அவசரப்படுத்த வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி
திருப்பூர்